துளுக்காணத்தின் சனிக்கிழமை

சிப்பாய் துளுக்காணத்தைப் புதைத்த ஏழாம் நாள், சனிக்கிழமை பொழுது விடிந்ததும், அவனுடைய இருமல் மட்டும் தனியாக எழுந்து, சுடுகாட்டு ஓடையைத் தாண்டி, எங்கள் கரும்பாறைப்பட்டுக்குள் வந்தது. தொண்டை இல்லை, நெஞ்சு இல்லை, தரையில் விழ ஒரு நிழல்கூட இல்லை. குட்டையாக மூன்று, நெட்டையாக ஒன்று, மறுபடி குட்டையாக மூன்று என்று, உயிரோடு இருந்தபோது அவன் எப்படி இருமினானோ அப்படியே இருமிக்கொண்டு, புளியமரத்தடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வழிவிட, கிணற்றில் நீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க, தெருவின் நடுவாகவே நடந்துபோய், தன் வீட்டுக்குள் நுழைந்து, கடைசி நான்கு மாதமும் அவன் சாய்ந்து கிடந்த மூலையில் உட்கார்ந்தது. ஏழு மாத வயிற்றோடு அடுப்பூதிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி பட்டம்மா திரும்பிப் பார்த்து, "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, சுக்கைத் தட்டி வெந்நீரில் போட்டாள்.

ஊரில் ஒருவரும் ஓடவில்லை. தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஏன் வந்தது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சூரியன் கிளம்பும்போது வரும், சூரியன் விழும்போது போய்விடும். முதல் வருஷம் பயந்தோம், இரண்டாம் வருஷம் பழகினோம், மூன்றாம் வருஷம் அது இல்லாத ஊர்களை நினைத்து, அங்கே சனிக்கிழமை என்று எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்களோ என்று பேச ஆரம்பித்தோம். பெண் கொடுக்கவும் எடுக்கவும் வருகிறவர்களிடம், தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே, ஆற்றில் தண்ணீர் இல்லை, பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான், சனிக்கிழமை ஓர் இருமல் உண்டு என்று சொல்லிவிடுவோம். பஸ்ஸைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் உண்டு, இருமலைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் இல்லை. ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர், தாம் வாக்குறுதி கொடுக்கும்போதெல்லாம் யாரோ வேண்டுமென்றே இருமுவதாகக் கோபித்துக்கொண்டு போனவர், அடுத்த தேர்தலுக்கு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தார். ஒரு தரம் சுகாதார நிலையத்திலிருந்து வந்த டாக்டர், நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, ஸ்டெதஸ்கோப்பை அந்த மூலையில் காற்றில் பிடித்து வெகுநேரம் கேட்டார். இரண்டு நுரையீரலும் போய்விட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டு ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த இருமலுக்குப் பக்கத்தில்தான் காசியம்மாள் பிறந்தாள். அப்பன் செத்து இரண்டு மாதம் கழித்துப் பிறந்தவள் என்பதால் அப்பனை முழுங்கியவள் என்று ஊர் அவளைச் சொன்னது. ஊர் என்றால் நாங்கள்தான். துளுக்காணத்துக்குப் போட்டோ கிடையாது. பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டி, பர்மாக் காட்டில் மழையிலும் புகையிலும் குண்டுப்பெட்டி சுமந்து, நெஞ்சு கெட்டு, இனி ஆகமாட்டான் என்று அவர்கள் அனுப்பிவைத்த டிஸ்சார்ஜ் காகிதம் ஒன்றும், ஒரு சாம்பல் நிறக் கம்பளியும், இந்த இருமலும்தான் அவளுக்கு அப்பா. தாய் பட்டம்மா வாய் பேசாதவள்போலவே வாழ்ந்து போய்ச் சேர்ந்தாள். மகள் பேசுவாள். சனிக்கிழமை வந்துவிட்டால் மூலைக்கு எதிரே உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டே, நைனா இது நடந்தது, நைனா அது நடந்தது என்று ஒரு வாரத்துக் கதையையும் ஒப்பித்துவிடுவாள். அவளைக் கட்டிய சாரங்கபாணி நல்ல மனிதர்; மாமனார் இருமினால் மருமகன் உட்கார்ந்திருக்கலாமா என்று ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தே முழங்கால் தேய்ந்தது என்று கேலி செய்வோம். அவரும் போய், பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊராகப் பிழைக்கப் போனபின், வீட்டில் அவளும் சனிக்கிழமையும்தான் மிச்சம்.

அவளுக்கு அறுபது நெருங்கும்போது, பட்டாளத்து முகாம் இருக்கும் பட்டணத்தில் கருங்கல்லில் ஒரு சுவர் எழுப்பினார்கள். கடல் தாண்டிப் போய் அந்தப் பெரிய சண்டையில் மாண்டவர்களின் பெயர்களை எல்லாம் அதில் வெட்டப்போகிறார்கள், குடும்பத்தார் எழுதிப் போடலாம் என்று பேப்பரில் வந்தது. காசியம்மாள் டிஸ்சார்ஜ் காகிதத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். ஒரு நாள் போனாள், ஒரு மாதம் போனாள், நான்கு வருஷம் போனாள். எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டால், "ஊருக்கு அவரு இருமல். எனக்காவது நைனா. சர்க்காருக்கு அவரு யாருன்னு ஒரு எடத்துல எழுதட்டும்" என்பாள்.

சுவர் ஆபீஸில் அருள்ராஜ் என்று ஓர் அதிகாரி. கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொல்வார், டீ வாங்கித் தருவார், பழைய ரிஜிஸ்டர்களைத் தாமே தூசி தட்டிப் புரட்டுவார். கடைசியில் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சண்டையில செத்தவங்க பேரு போடுறோம்மா. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, சண்டைல வந்த நோயாலயே செத்தவங்க பேரும் போடுறோம். ஆனா அதுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. உங்க அப்பா செத்த அதே வருஷம் மார்ச் முப்பத்தொண்ணு."

"எங்க நைனா?"

"உங்க ஊரு சாவுப் பதிவுல ஏப்ரல் ஒண்ணுன்னு கீது. ஞாயித்துக்கிழமை. ஒரு நாள் தாண்டிப்போச்சு."

"ஒரு நாள்தானே சார்."

"ஒரு நாளா இருந்தாலும் வெளியதாம்மா. முந்தின நாளு செத்தாருன்னு பாத்தவங்க யாராவது இருந்து, எழுதிக் குடுத்தா பாக்கலாம். அவ்ளோ வருஷத்துக்கு முன்ன பாத்தவங்க யாரு இருப்பாங்க."

அவள் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் இருந்த எங்களிடம், ஒரு நாள் தாண்டிப்போச்சாம் என்று சொன்னபோது, எங்களில் ஒருவராவது அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். கிளாஸைப் பார்த்தோம், பாய்லரைப் பார்த்தோம், செருப்பைப் பார்த்தோம். அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசி பெஞ்சில் இருந்த மண்ணாங்கட்டியிடம் வந்து நின்றாள். பிறந்த பிள்ளையெல்லாம் செத்துப்போக, இதுவாவது நிற்கட்டும் என்று மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்து, நின்று, எண்பதைத் தாண்டியும் நிற்கிறவர். துளுக்காணத்துக்குத் தம்பி முறை.

"சித்தப்பா, இன்னா மறைக்கிறீங்க?" என்றாள்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அறுபது வருஷமாக ஊரே சேர்ந்து பிடித்துவைத்திருந்த வாய், ஒரு டீ ஆறுவதற்குள் திறந்துகொண்டது.

துளுக்காணம் செத்தது சனிக்கிழமை காலையில். சனிப் பொணம் தனியாப் போகாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். துணைக்கு ஒன்றைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போகும், அதனால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்ப வேண்டும். தேங்காய் கட்டினால் போதும் என்கிற ஊர்களும் உண்டு. எங்கள் ஊரில் உயிருள்ளதுதான் கட்டுவது. அந்தப் பங்குனியிலோ வெள்ளைக் கழிச்சல் வந்து ஊரில் ஒரு கோழி மிச்சமில்லை, சுற்று வட்டாரத்தில் ஒரு குஞ்சு மிச்சமில்லை, எந்தக் கூடையைக் கவிழ்த்தாலும் இறகுதான் விழுந்தது. கோழி இல்லாமல் தூக்கினால் அடுத்தது யார் வீடு என்று ஒவ்வொருவரும் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தோம். பார்த்துவிட்டு, பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். துளுக்காணம் இன்றைக்குச் சாகவில்லை. நாளைக்குத்தான் சாகப்போகிறான்.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் அவனை மூலையில் சாய்த்து உட்காரவைத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, ஊரே வந்து விசாரித்தோம். "இன்னாப்பா துளுக்காணம், எப்டிக்கீது?" என்று ஒருவர் கேட்க, "நேத்திக்கு இப்ப பரவால்லயாம்" என்று இன்னொருவர் பதில் சொன்னார். நாவிதர் வந்து முகம் மழித்தார். அப்போது இருபது வயதுப் பிள்ளையாக இருந்த மண்ணாங்கட்டி, வாயைத் திறந்து கஞ்சி ஊற்றினார், கடைவாயில் வழிந்ததைத் துடைத்தார், மறுபடி ஊற்றினார். சாவுப் பதிவு எழுதும் முன்சீப் தெருவோடு போனபோது, இருமி இருமி இப்போதுதான் தூங்குகிறான் என்றோம். பட்டம்மாளிடம், அழுதால் காரியம் கெட்டுவிடும், வயிற்றில் பிள்ளை இருக்கிறது, துணை கேட்டால் அதைத்தான் முதலில் கேட்கும் என்று சொல்லிவைத்தோம்; அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அன்று பகலும் இரவும் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இப்போது அழு என்றோம்.

"பட்டாளத்துல இருந்தவன்மா அவன்" என்றார் மண்ணாங்கட்டி. "சொன்னதக் கேப்பான். நீ சாவல, உயிரோட கீறன்னு அத்தினி பேரும் சொன்னோம். அந்த நாளு மட்டும் உயிரோட இருந்துகினான். செத்துட்டன்னு அவங்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொல்லல."

காசியம்மாள் அவரை அடித்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்பன முழுங்கினவன்னு என்னச் சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு கோயில் முன்னால் கூடினோம். சனிக்கிழமை செத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள் பாதிப் பேர். எழுதிக் கொடுத்தால் அவன் அன்றைக்கே சனிப் பிணம் ஆகிவிடுவான், அன்றைக்கே துணை கேட்பான், யார் போவது என்றார்கள் மீதிப் பேர். மூன்று கூட்டம் இப்படியே போயிற்று. நாலாவதில் ஒருவன், இப்போதுதான் ஊரெல்லாம் கோழியாக இருக்கிறதே, பாடை கட்டி, கோழி கட்டி, விட்ட காரியத்தைச் செய்துவிட்டு எழுதிக் கொடுப்போம் என்றான். எல்லோருக்கும் சரியென்று பட்டது. பிராய்லர் போதும் என்று ஒரு கட்சி, பிறந்ததிலிருந்து பத்தடி நடந்தறியாத பிராய்லருக்குச் சுடுகாட்டு வழியே தெரியாதபோது மேலோகத்துக்கு எப்படித் துணை போகும் என்று ஒரு கட்சி. அதற்கு ஒரு மணி நேரம். நாட்டுக்கோழி ஜெயித்தது.

சேதி அனுப்பினோம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை தாமே வந்து வாக்குமூலம் வாங்கிக்கொள்வதாக அருள்ராஜ் பதில் போட்டார். எல்லாம் கூடி வந்தபோது காசியம்மாள் மாட்டேன் என்றாள்.

நான்கு வருஷம் செருப்புத் தேய நடந்தவள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே சொன்னாள். "செத்துட்டன்னு சொன்னா பூடுவாரு. பேரு வரும், அவரு பூடுவாரு. எனக்கு வேற யாரு கீறாங்க?" திரும்பி வந்துவிட்டோம்.

இரண்டு சனிக்கிழமை அப்படியே போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை அவள் முறத்தை எடுக்கவில்லை, கதை ஒப்பிக்கவில்லை, இருமலுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை சும்மா உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். சூரியன் விழுந்தபின் மண்ணாங்கட்டி வீட்டுக்கு வந்து நின்றாள்.

"சித்தப்பா, ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவுல அவரு மூச்சுக்கு இழுக்கறாரு. சன்னமா. கெணத்துக்குள்ள இருந்து இழுக்கற மாதிரி. இத்தினி வருஷமா எனக்கு அது கேக்கவே இல்ல. நான் பேசிகினே இருந்தேன், அவரு மூச்சுக்குத் தவிச்சிகினே இருந்தாரு" என்றாள். பிறகு, "பாடை கட்டுங்க" என்றாள்.

அருள்ராஜ் வந்த அன்று, வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, சாகும்போது பார்த்தவரான மண்ணாங்கட்டியிடமும், பெற்றவர்கள் சொல்லக் கேட்டவர்களான எங்கள் பதினோரு பேரிடமும், நாங்கள் பொய் சொன்னோம் என்று எழுதி வாங்கினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து குட்டையாக மூன்று, நெட்டையாக ஒன்று கேட்டது. யார் என்று கேட்டார். சொன்னோம். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றார். "செத்தவங்க வாக்குமூலத்துக்கு எங்க படிவத்துல எடம் இல்ல" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி.

பச்சை மூங்கிலில் பாடை கட்டி, தென்னங்கீற்றுப் பரப்பி, அந்தச் சாம்பல் நிறக் கம்பளியை நீளமாக விரித்தோம். மண்ணாங்கட்டி வீட்டுச் செங்கறுப்புக் கோழியைக் கால்மாட்டில் கட்டினோம். தூக்கியபோது நாலு பேருக்கும் அது வெறும் மூங்கில்தான். வாசலைத் தாண்டும்போது இருமல் கம்பளிக்குமேல் வந்தது. வந்ததும் தோள் இறங்கியது. இளைத்த ஆளின் பாரம், ஆனால் ஆளின் பாரம். தோள் கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கால் மாற்றி நடந்தார்கள். முன்னால் பறை, பின்னால் நாங்கள், நடுவில் இருமல். புளியமரம் தாண்டி, கிணறு தாண்டி, அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாக வந்த அதே வழியில், அன்று முதல் தடவையாக நாங்கள் கூடப் போனோம்.

ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய குழிமேட்டின் பக்கத்தில் புதுக்குழி. பாடையை இறக்கிவைத்து, பறையை நிறுத்தி, வழக்கமாகக் கூப்பிடுவதை மண்ணாங்கட்டி கூப்பிட்டார்.

"மொகம் பாக்காதவங்க வந்து பாத்துக்குங்க."

யாரும் அசையவில்லை. கூப்பிட்டவரைத் தவிர அங்கே அந்த முகத்தைப் பார்க்காதவர்கள்தான் எல்லோரும். ஆனால் அந்த அழைப்பு ஒருத்திக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. காசியம்மாள் வந்து மண்ணில் மண்டியிட்டு, கம்பளியின் தலைமாட்டை விலக்கினாள். கீற்றுதான் இருந்தது. அவள் அதையே பார்த்தாள், நெற்றி இருக்க வேண்டிய இடத்தை, மூக்கு இருக்க வேண்டிய இடத்தை, மழித்த கன்னம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். இருமல் அவள் காதருகே வந்து, சூடாக, ஈரமாக இருமியது, கலைந்த முன்மயிர் ஆடியதை நாங்கள் பார்த்தோம்.

"நைனா" என்றாள். "நீ செத்துட்ட. சனிக்கெழமையே செத்துட்ட. ஊரு பயந்துகினு பொய் சொல்லிச்சி. நீ இனிமே இரும வாணாம்."

மூன்று குட்டை இருமல் கேட்டது. நாலாவதற்காக நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது வரவில்லை. கோழி ஒரு தரம் இறக்கையை அடித்துக்கொண்டு தலை சாய்ந்தது, அதை யாரும் தொட்டிருக்கவில்லை. கம்பளியைக் குழியில் இறக்கும்போது அதில் கனமில்லை.

பெண்கள் ஓடிப்போய்க் காசியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், நேற்று அப்பனைப் பறிகொடுத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதுபோல. அவள் அறுபது வயதில் தகப்பனில்லாதவள் ஆனாள். அடுத்த சனிக்கிழமை ஊரே விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருந்தது. சூரியன் வந்தது, நாய்கள் படுத்த இடத்திலேயே படுத்திருந்தன.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு பஸ் பிடித்து ஊரே போனோம். கருங்கல் சுவர் எங்கள் ஊர்த் தெருவைவிட நீளம். கீழிருந்து நாலாவது வரிசையில், தமிழிலும் இங்கிலீஷிலும், சிப்பாய் துளுக்காணம், கரும்பாறைப்பட்டு, மார்ச் முப்பத்தொன்று என்று வெட்டியிருந்தார்கள். அருள்ராஜ் ஒரு மாலையை அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, எழுத்து ஒவ்வொன்றின் பள்ளத்திலும் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, காதை அந்தப் பெயரின்மேல் வைத்தாள்.

வெகுநேரம் வைத்திருந்தாள். மண்ணாங்கட்டி கிட்டப் போய், "இன்னாம்மா?" என்றார்.

"நல்லா ஆழமா வெட்டிக்கீறாங்க சித்தப்பா. சத்தந்தான் ஒண்ணுங் காணோம்" என்றாள், காதை எடுக்காமலே.

நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். வெயில் ஏறியது, கல் கொதித்திருக்கும், அவள் அசையவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கக் கையைத் தூக்கினார். பின்சீட்டிலிருந்து மண்ணாங்கட்டி எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் திரும்பி வரும்வரை அப்படியே நின்றார்.